ஜெர்மன் மொழிப் பயிற்சியின் நான்காம் படி

மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்து வந்தது. வரும் கடிதங்களை வாசித்துக் காட்டவும் மறுமொழி எழுதவும் அவ்வெழுத்தை அறிந்த பிறரையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றக் கருதிய நபியவர்கள், இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரைத் திங்கள் கழிவதற்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என்ற செய்தியைத் திர்மிதீ முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம்.

பிறமொழி கற்பதன் சிறப்பை எடுத்துரைக்கும்போதெல்லாம் நாம் இந்நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டுகிறோம். ஆயினும் அதனுள் பொதிந்துள்ள காரணத்தை அத்துணைக் கூர்ந்து நோக்குவதில்லை. நமக்கு எழுதப்படுவதை, நம்மைப் பற்றி எழுதப்படுவதை, நாமே வாசித்தறிய வேண்டும். இடையில் நிற்பவரின் நேர்மையையும் திறமையையும் மட்டுமே நம்பி ஒரு சமுதாயம் தன் காரியங்களை நடத்த இயலாது. இதுவே அக்கட்டளை உணர்த்தும் பாடம் எனலாம்.

இப்பாடத்தை இன்று ஜெர்மன் மொழி விஷயத்தில் பொருத்திப் பார்ப்பது நம் நோக்கம். குறிப்பாக, பல்கலைக்கழகங்களில் 'பி-2' எனப்படும் மேல் இடைநிலைப் பயிற்சியில் ஒரு மாணவன் கற்பது என்ன, அக்கல்வி நமக்கு ஏன் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

கடிதங்கள் தாமதமாக வந்த கதை

இஸ்லாத்தைக் குறித்து ஐரோப்பியர் நிகழ்த்திய ஆய்வுகளில் கணிசமான பகுதி ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. அரபு கற்போர் பலர் கையாளும் ஹான்ஸ் வேரின் அகராதிகூட முதலில் 1952ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளிவந்ததே. நம்மிடையே வழங்கும் அதன் ஆங்கில வடிவம் 1961இல்தான் வந்தது. இந்த ஒன்பதாண்டு இடைவெளி மிகச் சிறியது. தியோடர் நோல்டெக்கே எழுதிய 'குர்ஆனின் வரலாறு' 1860இல் வெளியாயிற்று. பின்வந்த அறிஞர் சிலரால் விரிவாக்கப்பட்ட அந்நூல் ஆங்கிலத்தில் முழுமையாக வந்தது 2013ஆம் ஆண்டில். அதாவது 153 ஆண்டுகளுக்குப் பின்னர். ஹதீஸ்களின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கிய இக்னாஸ் கோல்ட்ஸீஹரின் ஆய்வு 1890இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதன் ஆங்கில வடிவம் 1971இல்தான் கிடைத்தது.

குற்றச்சாட்டுகள் மட்டுமன்றி, அவற்றுக்கான மறுப்புகளும் இவ்வாறே காலந்தாழ்ந்து வந்தன. ஹரால்ட் மொட்ஸ்கி என்னும் அறிஞர், அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்களின் 'முஸன்னஃப்' தொகுப்பை நுணுகி ஆராய்ந்து, சட்ட மரபுச் செய்திகள் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்ற ஜோசஃப் ஷாக்ட்டின் கொள்கை ஏற்கத்தக்கதன்று எனக் காட்டினார். அவரது நூல் ஜெர்மன் மொழியில் 1991இல் வந்தது. ஆங்கிலத்தில் 2002இல் வந்தது. ஷாக்ட்டின் நூலோ 1950இலேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டு உலகெங்கும் பரவியிருந்தது. ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவருக்குக் குற்றச்சாட்டு உடனே கிடைத்தது. மறுப்பு பதினோராண்டு காத்திருந்து கிடைத்தது.

இத்தகைய இடைவெளிகளில், மூலத்தை வாசிக்காதவர்கள் மேற்கோளின் மேற்கோளையே வாசிக்க நேர்ந்தது. ஜெர்மன் ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, ஆங்கிலத்தில் ஒருவர் அதைச் சுருக்க, அச்சுருக்கத்தை உர்துவிலோ தமிழிலோ மற்றொருவர் எடுத்தாள, இறுதியில் நம் கைக்கு வந்து சேர்வது எவருடைய கூற்று என்பதே தெளிவற்றுப் போகின்றது. இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசையை ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்த சமுதாயம், தன்னைக் குறித்த ஆய்வுகளை வரிசை அறுந்த செய்திகளாகப் பெற்றுக்கொள்வது வருந்தத்தக்கது.

மேலும், ஜெர்மன் மொழி இப்போது பிறர் நம்மைப் பற்றி எழுதும் மொழியாக மட்டும் இல்லை. ஜெர்மன் அறிவியல் பேரவை 2010இல் வழங்கிய பரிந்துரையைத் தொடர்ந்து, டூபிங்கன், மூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக், பிராங்பர்ட், எர்லாங்கன் ஆகிய நகரங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் துறைகள் தோன்றின. பெர்லினிலும் பாடர்போர்னிலும் பின்னர் இத்துறை அமைந்தது. இவற்றில் முஸ்லிம் ஆசிரியர்கள் முஸ்லிம் மாணவர்களுக்குத் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், கலாம் முதலியவற்றைப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே கற்பிக்கின்றனர். நம் மார்க்க அறிவு எழுதப்படும் மொழிகளுள் ஒன்றாக அம்மொழியும் ஆகியுள்ளது.

ஆறு படிகள்

ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட பொது வரையறை, மொழித்திறனை ஆறு படிகளாகப் பகுக்கின்றது. ஏ-1, ஏ-2 என்பன தொடக்கப் படிகள். பி-1, பி-2 என்பன இடைநிலை. சி-1, சி-2 என்பன தேர்ந்தோர்க்குரியவை. நாம் பேசும் பி-2 இவற்றுள் நான்காவது. கடினமான பனுவல் ஒன்றின் மையக் கருத்துகளைப் புரிந்துகொள்ளுதல், தம் துறை சார்ந்த விவாதத்தைப் பின்தொடர்தல், ஒரு பொருளில் தம் நிலைப்பாட்டை நன்மை தீமைகளுடன் எடுத்துரைத்தல் ஆகியன இப்படிக்குரிய திறன்களாகக் கூறப்படுகின்றன. முதற்படியிலிருந்து இந்நிலையை எட்ட, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைகள் ஏறத்தாழ 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு.

ஜெர்மன் வழியில் பட்டப்படிப்பு மேற்கொள்ள விரும்பும் வெளிநாட்டு மாணவர்கள், பல்கலைக்கழகங்களே நடத்தும் 'டே-எஸ்-ஹா' தேர்வையோ, 2001 முதல் நடைபெறும் 'டெஸ்ட்-டாஃப்' தேர்வையோ எழுதுவது வழக்கம். முதலாவது தேர்வில் 57, 67, 82 விழுக்காடுகளை எல்லைகளாகக் கொண்டு மூன்று தகுதிநிலைகள் உள்ளன. சேர்க்கைக்கு வழக்கமாகக் கோரப்படுவது இரண்டாம் தகுதிநிலை. அது பி-2ஐக் கடந்து சி-1ஐ நெருங்கும் இடம். ஆகவே பி-2 வகுப்பு என்பது பல்கலைக்கழக வாயிலுக்கு முந்திய கூடம் போன்றது.

அத்தேர்வின் ஓர் அமைப்பு நம் கவனத்திற்குரியது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகியவற்றோடு, 'அறிவியல் மொழிக்குரிய கட்டமைப்புகள்' என்றொரு பகுதியும் அதில் உண்டு. பெயர்த்தொடராக உள்ளதை வினைத்தொடராக மாற்றுக; செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குக; நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குக என்பன போன்ற வினாக்கள் அதில் வரும். முதல் நோக்கில் இவை வறட்டு இலக்கணப் பயிற்சிகளாகத் தோன்றும். உண்மையில், ஓர் ஆய்வுநூலில் எது எவருடைய கூற்று என்று பிரித்தறியும் கருவிகளே இவை.

நான்காம் படியில் நிகழும் மாற்றம்

முதல் மூன்று படிகளில் மாணவன் தன்னைப் பற்றியே பேசக் கற்கிறான். என் பெயர் இது, நான் இவ்வூரினன், நேற்று இங்குச் சென்றேன், நாளை அதை வாங்குவேன். நான்காம் படியில்தான் பிறருடைய கருத்துகள் வகுப்பறைக்குள் நுழைகின்றன. ஒருவர் இவ்வாறு வாதிடுகிறார், மற்றொருவர் அதை மறுக்கிறார், மூன்றாமவர் இருவர்க்கும் நடுவே நிற்கிறார் என்று எழுத வேண்டியுள்ளது. அதற்கேற்ப மொழியின் புதிய உறுப்புகள் அறிமுகமாகின்றன.

அவற்றுள் தலையாயது 'கொன்யுங்க்டிவ் ஒன்று' எனப்படும் வினைவடிவம். அயற்கூற்று வினை என இதைத் தமிழில் சொல்லலாம். 'இருக்கிறது' என்பதற்கு ஜெர்மன் மொழியில் 'இஸ்ட்' என்பர். ஆனால் பிறர் சொன்னதாக அதைச் சொல்லும்போது 'ஸை' என்று வடிவம் மாறும். 'அக்கையெழுத்துப் பிரதி எட்டாம் நூற்றாண்டில் உருவானது' என்று ஆசிரியர் தம் பொறுப்பில் கூறினால் 'இஸ்ட்' வரும். பிறர் அவ்வாறு கூறுவதை எடுத்துரைத்தால் அதே வாக்கியத்தில் 'ஸை' வரும். ஓர் அசைதான் வேறுபாடு. அந்த ஓர் அசையில், கூற்றின் பொறுப்பு ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறிவிடுகிறது.

இவ்வடிவத்தின் முழு ஆற்றலும் தொடர் வாக்கியங்களில் விளங்கும். ஓர் ஆய்வாளர் மற்றொருவரின் நூலை மதிப்பிடுகிறார் எனக் கொள்வோம். 'இந்நூலாசிரியரின் கருத்துப்படி' என்று முதல் வாக்கியத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறார். பின்னர், 'அத்தொகுப்பு பிற்காலத்தில் புனையப்பட்டது. அதன் அறிவிப்பாளர் வரிசை பின்னர் ஒட்டப்பட்டது. மூல ஆசிரியர் என ஒருவர் இருந்ததே இல்லை' என அடுத்தடுத்து எழுதுகிறார். ஒவ்வொரு வினையும் அயற்கூற்று வடிவில் இருப்பதால், 'அவர் கூறுகிறார்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஜெர்மன் வாசகர் தடுமாறுவதும் இல்லை. பத்தி முடிந்ததும், 'இதற்கு எதிராகக் கூற வேண்டியது யாதெனில்' என்று தொடங்கித் தம் மறுப்பை நேர்க்கூற்று வினைகளில் வைக்கிறார்.

இப்பத்தி ஆங்கிலத்திற்குச் செல்லும்போது என்ன ஆகும்? அம்மொழியில் இதற்கென்று தனி வினைவடிவம் இல்லை. விழிப்புள்ள மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அவர் கருத்தில்' என்று சேர்ப்பார். விழிப்பற்றவர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார். அடுத்து வருபவர் மூன்றாம் வாக்கியத்தை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டினால், எதை மறுப்பதற்காக அந்த ஆய்வாளர் எழுதினாரோ, அதுவே அவருடைய கொள்கையாக நம்மை வந்தடையும். நாமும் அவருக்கு மறுப்பு எழுதத் தொடங்கிவிடுவோம்.

வேறு சில சொற்களும் இவ்வகையினவே. 'ஸோல்' என்னும் துணைவினைக்கு 'வேண்டும்' என்று தொடக்க வகுப்பில் பொருள் சொல்லித் தருகிறார்கள். 'வில்' என்பதற்கு 'விரும்புகிறான்' என்று பொருள். நான்காம் படியில் இவற்றின் மற்றொரு முகம் தெரிகிறது. ஓர் அறிவிப்பாளர் கூஃபாவில் இறந்தார் என்பதோடு 'ஸோல்' சேர்ந்து வந்தால், 'இறந்திருக்க வேண்டும்' என்பதன்று பொருள்; 'இறந்ததாகச் சொல்லப்படுகிறது' என்பதே பொருள். அவர் தம் ஆசிரியரிடம் செவியுற்றார் என்பதோடு 'வில்' சேர்ந்தால், 'செவியுற விரும்பினார்' என்பதன்று. 'தாம் செவியுற்றதாக அவரே சொல்லிக்கொள்கிறார், அதற்கு நான் பொறுப்பல்லேன்' என்பது பொருள். ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிய வாக்கியத்தில் இவ்வேறுபாடு எத்துணைப் பாரதூரமானது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நமக்குப் புதிதல்லாத நுட்பம்

இதையெல்லாம் வாசிக்கும்போது, ஹதீஸ் கலையில் பயிற்சியுள்ளோர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். ஒரு செய்தியை எடுத்துரைக்கும் வாய்பாடுகளை நம் இமாம்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். 'அவர் கூறினார்', 'அவர் அறிவித்தார்' என உறுதிப்படச் சொல்வது 'ஸீகத்துல் ஜஸ்ம்'. 'அறிவிக்கப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று பொருள்படும் 'ருவிய', 'கீல' முதலிய செயப்பாட்டு வடிவங்களில் சொல்வது 'ஸீகத்துத் தம்ரீள்'. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் அறிவிப்பாளர் வரிசையின் தொடக்கத்தை விட்டுவிட்டுக் கூறும் செய்திகளை மதிப்பிட, ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்வேறுபாட்டையே அளவுகோலாகக் கொண்டனர். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் இதனை விளக்கியுள்ளார்கள். பலவீனமான செய்தியை உறுதி வாய்பாட்டால் எடுத்துரைப்பவர்களை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள்.

அரபு அறிஞர்கள் சொல்லாட்சியால் செய்ததை, ஜெர்மன் மொழி வினைவிகுதியால் செய்கிறது. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. தம்ரீள் வாய்பாடு பலவீனத்தைக் குறிப்பாகவேனும் உணர்த்தும். ஜெர்மன் அயற்கூற்று வினையோ நடுநிலையானது. அது 'நான் நம்பவில்லை' என்று சொல்வதில்லை. 'இது என் கூற்றன்று' என்று மட்டுமே சொல்கிறது. ஐயத்தை உணர்த்த வேறு சொற்கள் உள்ளன. 'ஃபெர்முட்லிஷ்' என்றால் ஊகம். 'ஓஃபென்பார்' என்றால் சான்றுகளிலிருந்து அவ்வாறு தோன்றுகிறது. 'ஆங்கேப்லிஷ்' என்றால் பிறர் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு ஐயம் உண்டு. இவற்றைத் தரம்பிரித்து உணர்வதும் நான்காம் படிப் பயிற்சியே.

தமிழ் மாணவனுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். 'ஆம்' என்னும் அவ்விடைச்சொல், கேள்விப்பட்ட செய்தி இது என்று அறிவித்துவிடுகிறது. நம் உரையாசிரியர்கள் பிறர் கருத்தை 'என்ப' என்றும், 'என்பாரும் உளர்' என்றும் வரம்பிட்டு எழுதினார்கள். ஜெர்மன் அயற்கூற்று வினையை ஆங்கில இலக்கணத்தின் வழியாகக் கற்கும் மாணவன் பல விதிகளை மனனம் செய்கிறான். 'இஸ்ட்' என்பது 'உருவானது'. 'ஸை' என்பது 'உருவானதாம்' என்று சொல்லித் தந்தால் அவனுக்கு விளங்கிவிடும்.

நீண்ட அடைமொழித் தொடர்களிலும் இவ்வாறே. 'ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் பெயர் தெரியாத ஓர் எழுத்தரால் படியெடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதி' என்னும் தொடரை ஆங்கிலத்தில் சொல்ல முற்பட்டால், 'பிரதி' என்பதை முன்னே வைத்து மற்றவற்றைப் பின்னே அடுக்க வேண்டும். ஜெர்மன் ஆய்வுநடையிலோ, தொடக்கத்தில் வரும் 'டி' என்னும் சுட்டுச்சொல் ஒன்றை நீக்கிவிட்டால், சொற்களின் வரிசை தமிழில் உள்ளவாறே அமையும். பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்க, அதற்குரிய இடமும் காலமும் செய்பவனும் அதற்கு முன் நிற்பது நமக்கு இயல்பான அமைப்பு. துணைவாக்கியங்களில் வினை இறுதியில் நிற்பதும் அவ்வாறே.

நெடிய தொகைச்சொற்களும் அச்சுறுத்த வேண்டியதில்லை. இஸ்னாத் என்பதற்கு ஜெர்மன் ஆய்வாளர்கள் 'ஊபர்லீஃபெருங்ஸ்கெட்டெ' என்பர். 'ஊபர்லீஃபெருங்' என்பது வழிவழி அறிவிப்பு. 'கெட்டெ' என்பது சங்கிலி. இடையில் ஒலிக்கும் 'ஸ்' என்பது இரு சொற்களை இணைக்க வந்தது. நம் இலக்கணத்தில் சாரியை ஆற்றும் பணியைப் போன்றதொன்றை அது ஆற்றுகிறது. எனினும் எல்லாம் எளிதென்று எண்ணிவிடலாகாது. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்திற்கு வந்துவிடும். சில வினைகள் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். ஒவ்வொரு பெயரின் பாலையும் அப்பெயரோடு சேர்த்தே மனத்தில் இருத்த வேண்டும். இவற்றில் தமிழ் துணை செய்யாது, பயிற்சிதான் துணை.

செய்பவன் மறைந்து நிற்கும் இடம்

தேர்வில் பெயர்த்தொடரை வினைத்தொடராக மாற்றச் சொல்வதன் காரணத்தை இனிப் பார்க்கலாம். ஜெர்மன் ஆய்வுநடை, நிகழ்ச்சிகளைத் தொழிற்பெயர்களாகச் சுருக்கும் இயல்புடையது. 'அறிஞர்களின் நிராகரிப்பு' என்று ஒரு தொடர் வருகிறது. அறிஞர்கள் எதையோ நிராகரித்தார்களா, அறிஞர்களை எவரோ நிராகரித்தார்களா? தொடர் அதைச் சொல்வதில்லை. அரபு இலக்கணம் பயின்றோர், 'மஸ்தர்' தன் ஃபாயிலோடு இணைகிறதா, மஃப்ஊலோடு இணைகிறதா என்று ஆராய்வது இதையே. 'ளர்பு ஸைதின்' என்பதில் ஸைத் அடித்தவரா, அடிபட்டவரா என்பதைச் சூழலைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

ஆகவே பி-2 மாணவன் ஒவ்வொரு தொழிற்பெயரையும் பிரித்து, 'யார், யாரை, எப்போது' என்று கேட்கப் பழகுகிறான். செயப்பாட்டு வினையைக் கண்டால் செய்பவனைத் தேடுகிறான். 'இவ்வசனம் பின்னர் சேர்க்கப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்று ஒரு நூலில் கண்டால், கருதுபவர் யார், ஒருவரா பலரா, நூலாசிரியர் அவர்களுள் ஒருவரா என்று வினவுகிறான். விடை கிடைக்காவிட்டால், அக்கூற்றின் வலிமை அந்த அளவே என்று கணித்துக்கொள்கிறான்.

இன்னொரு கருவியும் உண்டு. 'ட்ஸ்வார்' என்று ஒரு வாக்கியத்தில் வந்தால், 'ஆபர்' என்று பின்னால் ஒன்று வரும் என எதிர்பார்க்க வேண்டும். முன்னது 'இது உண்மைதான்' என்று ஒப்புக்கொள்வது; பின்னது 'ஆயினும்' என்று திருப்புவது. ஆசிரியரின் உண்மையான நிலைப்பாடு பின்பாதியில் உள்ளது. முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து, 'மேலை அறிஞரே ஒப்புக்கொண்டார்' என்று மகிழ்வதும், 'மேலை அறிஞர் தூற்றினார்' என்று கொதிப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே. புகழுரையாயினும் இகழுரையாயினும், ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் கூறுவது அமானிதத்திற்கு மாறானது.

கற்றவர் இருவர்

அல்லாமா இக்பால் 1907ஆம் ஆண்டுக் கோடையில் ஹைடல்பெர்க் நகரில் தங்கி ஜெர்மன் கற்றார். பாரசீக மெய்யியலின் வளர்ச்சி குறித்த தம் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி மூனிக் பல்கலைக்கழகத்தில் அளித்து, அவ்வாண்டு நவம்பரில் முனைவர் பட்டம் பெற்றார். தமக்கு அம்மொழி கற்பித்த எம்மா வேகெனாஸ்ட்டுக்கு ஜெர்மன் மொழியில் கடிதங்கள் எழுதினார். பின்னாளில் பழக்கம் குறைந்தபோது ஆங்கிலத்திற்கு மாறினார். மொழித்தேர்ச்சி தேய்ந்தாலும் அது திறந்துவிட்ட வாயில் மூடவில்லை. கோதே 1819இல் வெளியிட்ட 'மேற்கு-கிழக்குத் திவான்' என்னும் நூலுக்குக் கிழக்கின் மறுமொழியாக 'பயாமே மஷ்ரிக்' என்ற பாரசீகக் கவிதை நூலை 1923இல் அவர் தந்தார். ஜெர்மன் கவிஞர் ஹாஃபிஸை வாசித்து எழுதினார். முஸ்லிம் கவிஞர் கோதேயை வாசித்து விடையளித்தார்.

மற்றவர் துருக்கியில் 1924இல் பிறந்த ஃபுஆத் ஸெஸ்கின். இஸ்தான்புல்லில் ஹெல்முட் ரிட்டர் என்னும் ஜெர்மன் அறிஞரிடம் பயின்றவர். 1960ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் பதவி நீக்கப்பட்ட 147 கல்வியாளர்களுள் ஒருவராகி, பிராங்பர்ட் நகருக்குச் சென்றார். 1967 முதல் வெளிவந்த 'அரபு எழுத்து வரலாறு' என்னும் அவருடைய பெரும்படைப்பு பதினேழு தொகுதிகளாக விரிந்தது. முதல் தொகுதியிலேயே, ஹதீஸ்கள் நெடுங்காலம் வாய்மொழியாக மட்டுமே உலவின என்ற கருத்தை மறுத்து, அறிவிப்பாளர் வரிசைகள் தொடக்க கால எழுத்து மூலங்களைச் சுட்டுகின்றன என்று அவர் வாதிட்டார். கோல்ட்ஸீஹர் ஜெர்மன் மொழியில் எழுப்பிய வினாவுக்கு, அம்மொழியிலேயே, அத்துறையின் சான்றுமுறைகளுக்கு உட்பட்டு அவர் விடை தந்தார். அவ்விடையை அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும் எவரும் புறக்கணித்துவிட்டுக் கடந்து செல்ல இயலவில்லை. 1979இல் மன்னர் ஃபைஸல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2018இல் அவர் மறைந்தார்.

இவ்விருவரும் நமக்குக் காட்டும் வழி ஒன்றே. முதலில் மற்றவர் சொன்னதை அவர் சொன்னவாறே கேட்டல், பின்னர் விடையளித்தல்.

செய்யத்தக்கவை

மொழியறிவு ஒன்றே நீதியைத் தந்துவிடாது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஜெர்மன் கீழைத்தேய ஆய்வு முழுவதும் தூய அறிவுவேட்கையால் விளைந்ததும் அன்று; முழுவதும் பகைமையால் விளைந்ததும் அன்று. 1910இல் 'டெர் இஸ்லாம்' என்னும் ஆய்விதழைத் தொடங்கிய கார்ல் ஹைன்ரிஷ் பெக்கர், ஹாம்பர்க் நகரின் குடியேற்ற நாட்டுக் கல்வி நிறுவனத்தில் பணியாற்றியவர். மறுபுறம், ஆன்மாரி ஷிம்மல் போன்றோர் இக்பாலையும் ஸூஃபிக் கவிஞர்களையும் தம் மக்களுக்கு அறிமுகப்படுத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டனர். ஒவ்வொருவரையும் அவரவர் எழுத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அதற்கு அவரவர் எழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் கோதே நிறுவனம் நெடுங்காலமாக இம்மொழியைக் கற்பித்து வருகிறது. வேலைவாய்ப்புக்காகவும் பொறியியல் மேற்படிப்புக்காகவும் நம் பிள்ளைகள் பலர் அம்மொழியைப் பயில்கின்றனர். அவர்களில் பலர் பி-1 சான்றிதழோடு நிறுத்திக்கொள்வது இயல்பே. அன்றாடப் புழக்கத்திற்கு அது போதும். ஆனால் அரபு மத்ரஸாவில் ஓதியோ, கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு பயின்றோ வந்த இளைஞர்களுள் ஒரு சிலரேனும் அடுத்த படியில் கால்வைக்க வேண்டும் என்பது நம் விழைவு. நஹ்வும் உஸூலுல் ஹதீஸும் கற்றவர், அப்படியின் நுட்பங்களைத் தம் வீட்டுப் பொருளைப் போல அடையாளம் கண்டுகொள்வார்.

அவர்களுக்கு எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைப்போம். ஆய்வுக் கட்டுரை ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எவருடைய கூற்று என்று குறித்து வாருங்கள். ஆசிரியருடையதா, அவர் மேற்கோள் காட்டுபவருடையதா, பெயர் சுட்டாத பிறருடையதா? அடுத்த வரிசையில், அது உறுதியா, ஊகமா, ஐயமா என்று குறியுங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும். சில திங்களில் கண் பழகிவிடும். அதன்பின் தமிழிலும் ஆங்கிலத்திலும் நாம் வாசிப்பவற்றைக்கூட இதே கண்ணால் வாசிக்கத் தொடங்கியிருப்போம்.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாகாது என்றும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் ஆறாம் வசனம் எச்சரிக்கின்றது. அத்தெளிவுபடுத்தலுக்கு இன்று வேண்டிய கருவிகளுள் மொழியும் ஒன்று. ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் அரைத் திங்களில் கற்றார்கள். நமக்கு எண்ணூறு பாடவேளைகள் தேவைப்படலாம். கடிதத்தில் உள்ளதை உள்ளவாறே வாசித்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. அப்பொறுப்பை ஏற்கும் இளைஞர்களை அல்லாஹ் நம்மிடையே மிகுவிப்பானாக.